தாய்க்கு இருந்தால் மகளுக்கும் பாருங்கள்!

"குளிர் தாங்கலை. கை கால் அசதி. முடி கொட்டுது."

கொடைக்கானலில் ஒரு பெண் இப்படிச் சொன்னால் யார் காதில் ஏறும்? "மலைன்னா குளிரத்தான் செய்யும், தோட்ட வேலைன்னா அசதி வரத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் இந்த மூன்றும் தைராய்டு சுரப்பி மந்தமானால் வரும் அறிகுறிகள். மலையில் இந்த நோய் குளிருக்குள் ஒளிந்து கொள்கிறது!

கழுத்து வீங்கினால் உப்பைத்தான் குறை சொல்கிறோம். அதில் பாதி உண்மை. மலை மண்ணில் உள்ள அயோடினை மழை அடித்துப் போய்விடும். அதனால்தான் மத்திய அரசு 1962-ல் கழலை ஒழிப்புத் திட்டம் கொண்டுவந்தது. அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006-ல் தடை போட்டது.

மீதிப் பாதி? குடும்பம்!

ஜப்பான் டாக்டர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912-ல் விளக்கிச் சொன்ன நோய் இது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கி, புண்ணாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது. காவல்காரனே வீடு புகுந்து திருடுவது மாதிரி! ஆண்களைவிடப் பெண்களைத்தான் இது பல மடங்கு தாக்குகிறது.

இது குடும்பத்தில் தொடர்ந்து வரும். தாய்க்கு இருந்தால் மகளுக்கு, அக்காளுக்கு இருந்தால் தங்கைக்கு வர வாய்ப்பு அதிகம். வந்தே தீரும் என்பது இல்லை. தகப்பன் வழியிலும் வரலாம். ஆகவே "பெண் வீட்டுச் சீக்கு" என்று மருமகளைக் குத்திக் காட்டுவது அநியாயம்!

இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பல வீடுகளில் பெண்ணின் கழுத்து வீக்கத்தை மறைக்கிறார்கள். மாத்திரையைக் கூட ஒளித்து வைக்கிறார்கள். கல்யாணமாகிக் கர்ப்பமானதும் மாத்திரை நின்று போனால் என்ன ஆகும்? கரு கலையலாம். பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கலாம். ஒரு பொய்க்குப் பிள்ளை கொடுக்கும் விலை இது!

வைத்தியம் பெரிய செலவு இல்லை. ரத்த சோதனை செய்து, டாக்டர் சொல்லும் மாத்திரையைத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட்டால் போதும். வீக்கம் குறைந்தது என்று தானாக நிறுத்தக் கூடாது. அயோடின் உப்பையும் விடக்கூடாது.

எட்டு நகரங்களில் எடுத்து 2013-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குத் தைராய்டு மந்தம் இருந்தது. அது நகரங்களின் கணக்கு. பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் யார் கணக்கு எடுப்பது?

சோதனைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வா என்றால் யார் வருவார்கள்? 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீடு தேடிப் பார்க்கிறார்கள். அதோடு, "உங்கள் வீட்டில் யாருக்காவது தைராய்டு உண்டா?" என்று ஒரு கேள்வியும் கேட்கட்டும். உண்டு என்றால் அங்கேயே ரத்தம் எடுத்து அனுப்பட்டும்.

கேட்பது அரசின் கடமை. மறைக்காமல் சொல்வது குடும்பத்தின் கடமை!