ஒரே ஒரு நாற்காலி: கால்பந்துப் பயிற்சியாளரும் பழனி அர்ச்சகரும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அந்த ஆட்டத்தின் விதிகள் எங்களுக்கும் முழுதாகப் புரிவதில்லை. ஆனால் அங்கே ஆள் எடுக்கும் முறை நன்றாகவே புரிகிறது. முதல்நிலை அணிகளில் ஏறக்குறையப் பாதி வீரர்கள் கறுப்பினத்தவர். தலைமைப் பயிற்சியாளர்களிலோ பத்துக்கு ஒருவர் என்ற அளவுதான். பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் இந்தப் பயிற்சியாளர்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எடி ராபின்சன் என்ற கறுப்பினப் பயிற்சியாளர் 1941 முதல் 1997 வரை கிராம்ப்ளிங் என்ற கறுப்பினக் கல்லூரியில் இருந்து 408 ஆட்டங்களை வென்றார். வெள்ளையர்களின் பெரிய பல்கலைக்கழகம் எதிலும் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. தென்மாநிலங்களின் புகழ்பெற்ற எஸ்.இ.சி. கூட்டமைப்பில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் நியமிக்கப்பட்டதே 2003 டிசம்பரில்தான்.

'கறுப்பர் வேண்டாம்' என்று இப்போது யாரும் எழுதி வைப்பதில்லை. 'எங்கள் மரபுக்குப் பொருந்துபவர் வேண்டும்' என்பார்கள். வேர்வை சிந்துவது ஒருவர், முடிவெடுப்பது இன்னொருவர் என்ற ஏற்பாடு அந்த ஒரு சொல்லில் பத்திரமாக இருக்கிறது.

பழனியில் இதே ஏற்பாட்டைப் படி ஏறிப் பார்க்கலாம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி சுமந்து லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். பஞ்சாமிர்தத்துக்கான விருப்பாச்சி வாழை இந்த மலைத்தொடரில் விளைகிறது. மலைத்தோட்டங்களில் கூலிக்கு நிற்பவர்களில் தலித்துகளும் பளியர்களும் உண்டு. பழம் கருவறைக்குள் போகலாம். பழம் சுமந்தவர் போக முடியாது.

அர்ச்சகர் பணியை 'வேலை' என்று சொல்லலாமா என்று சிலர் கோபப்படலாம். உச்ச நீதிமன்றமே அப்படித்தான் சொன்னது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்து 1970இல் தமிழகச் சட்டமன்றம் கொண்டுவந்த திருத்தத்தை எதிர்த்த வழக்கில், அர்ச்சகரை நியமிப்பது மதச்சார்பற்ற செயல் என்று 1972இல் தீர்ப்பு வந்தது. ஆனால் அதே தீர்ப்பு, நியமனம் ஆகமப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. முன்கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்கதவைப் பூட்டியதுபோல.

2006இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற அரசாணை வந்தது. அதையொட்டிப் பழனி, மதுரை, திருச்செந்தூர், திருவண்ணாமலை, திருவரங்கம், திருவல்லிக்கேணி ஆகிய ஆறு இடங்களில் பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. மந்திரம், பூசை முறை, ஆகமம் எல்லாம் கற்று 200க்கும் மேற்பட்டோர் 2008இல் வெளியே வந்தார்கள். அதற்குள் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்தபோது ஆகமம் மறுபடியும் நடுவில் வந்து நின்றது. 2018இல் மதுரையில் ஓர் ஐயப்பன் கோயிலில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. 2021 ஆகஸ்ட் 14 அன்று 24 பேருக்கு முதலமைச்சர் ஆணை வழங்கினார். பயிற்சி முடித்தபோது இருபது வயதாக இருந்தவருக்கு அப்போது முப்பத்து மூன்று. மீதிப் பேர் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் எதைச் செய்து பிழைத்திருப்பார்கள் என்று எந்தத் தீர்ப்பிலும் ஒரு வரி கிடையாது. 2021இல் வேலை பெற்றவர்களிலும் திருச்சி வயலூர் முருகன் கோயிலின் இருவரது நியமனத்தை 2023 மார்ச்சில் மதுரைக் கிளை ரத்து செய்தது. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது.

பயிற்சி இல்லை, படிப்பு இல்லை என்று நம்மை நோக்கிச் சொல்லப்படும் பதில் இங்கே செல்லாது. அரசே நடத்திய பள்ளி, அரசே கொடுத்த சான்றிதழ். குறைந்தது ஒன்றே ஒன்றுதான்: பிறப்பு.

'ஆதி முதல் இருந்துவரும் மரபு' என்பவர்களுக்குப் பழனியிலேயே பதில் இருக்கிறது. சித்தர் போகரின் சீடர் புலிப்பாணி. அவர் வழிவந்த பண்டாரங்களே இங்கே பூசை செய்துவந்தார்கள் என்பது கோயில் மரபு. திருமலை நாயக்கரின் தளபதி ராமப்பய்யன் வந்து அந்த உரிமையைப் பார்ப்பனக் குருக்களுக்கு மாற்றிக் கொடுத்தார் என்பதும் அதே மரபு சொல்வதுதான். அதாவது 17ஆம் நூற்றாண்டில் ஓர் அதிகாரி போட்ட நியமனம் இன்று ஆகமமாக நிற்கிறது. (புலிப்பாணி மரபினர் தலித்துகள் அல்ல. அவர்களை அவசரப்பட்டு நம் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆட்சியில் இருப்பவர் நினைத்தால் மரபு மாறும் என்பதுதான் நமக்கு இதில் வேண்டிய செய்தி.)

கோயில் விஷயத்தை மதம் என்று ஒதுக்கிவிடுபவர்கள் பழனியிலிருந்து மலைச்சாலையில் ஏறிக் கொடைக்கானலுக்கு வரட்டும். 1984இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. இருநூறு பணியிடச் சுழற்சியில் பழங்குடியினருக்கு இரண்டே இடம் என்றால், சிறிய துறைகளைக் கொண்ட ஒரு மலைப் பல்கலைக்கழகத்தில் கீழே வாழும் பளியர் வீட்டுப் பெண்ணின் முறை எப்போது வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். துணைவேந்தர் நாற்காலிக்கோ அந்தச் சுழற்சியும் கிடையாது. ஒரே ஒரு பணியிடத்தை ஒதுக்கினால் அது நூறு விழுக்காடு ஒதுக்கீடாகிவிடும் என்று 1998இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஒரே ஒரு நாற்காலியில் ஒரே சாதிக்கூட்டத்தினர் மாறி மாறி உட்கார்ந்தால் அது எத்தனை விழுக்காடு என்று யாரும் கேட்கவில்லை.

2022 முதல் துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா, அரசா என்று பெரிய சண்டை. மாநில உரிமைப் பக்கம்தான் நாங்களும் நிற்கிறோம். ஆனால் யார் நியமிப்பது என்று கேட்ட அளவுக்கு, யாரை நியமிப்பது என்று இரு தரப்பும் கேட்டதாகத் தெரியவில்லை. சமூகநீதி மண் என்று பெருமை பேசும்போது இதையும் பேச வேண்டும்.

கறுப்பின மக்கள் என்ன செய்தார்கள்? தலைமைப் பயிற்சியாளர் தேர்வில் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணலுக்கு அழைத்தே தீர வேண்டும் என்ற 'ரூனி விதி'யைத் தொழில்முறைக் கால்பந்தில் 2003இல் கொண்டுவர வைத்தார்கள். ஓரிகன் மாநிலம் 2009இல் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அதைச் சட்டமாகவே ஆக்கியது. இது போதுமா என்றால் போதாது. ஆளை முடிவு செய்துவிட்டுக் கணக்குக்காக என்னை அழைத்தார்கள் என்று பிரையன் ஃபுளோரஸ் என்ற பயிற்சியாளர் 2022இல் தொழில்முறைக் கூட்டமைப்பின் மீது வழக்கே போட்டார். இங்கேயும் 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று எழுதி நம் இடங்களை மூடுபவர்களுக்கு நேர்காணல் நாடகம் ஒன்றும் கடினமில்லை. ஆனால் அந்த விதி ஒன்றைச் செய்தது: யாரை அழைத்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வைத்தது. நம் ஊரில் தேடுதல் குழு யாரை அழைத்தது என்பதே வெளியே வருவதில்லை.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு எங்கள் யோசனை இது. பழனி, கொடைக்கானல் இரண்டுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனி மனு போடுங்கள். கடந்த பத்து ஆண்டுகளில் அர்ச்சகர் பணிக்கும், பேராசிரியர், துணைவேந்தர் பணிகளுக்கும் விண்ணப்பித்தோர் எத்தனை, அழைக்கப்பட்டோர் எத்தனை, தேர்வானோர் எத்தனை என்று இடஒதுக்கீட்டுப் பிரிவுவாரியாகக் கேளுங்கள். தேர்வுக் குழுவில் இருந்தோர் யார் என்றும் கேளுங்கள். விண்ணப்பதாரர்களின் பெயர்களைத் தனிநபர் தகவல் என்று மறுப்பார்கள், ஆகவே பெயர் கேட்காதீர்கள்; எண்ணிக்கை கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.