பாக்கெட் கேமராவா, மிரர்லெஸ்ஸா?

பள்ளி ஆண்டு விழா மேடையில் ஆடும் பிள்ளையை போனில் எடுத்தால், முகம் கலங்கிவிடுகிறது. சரி, கேமரா வாங்கலாம். எதை?

சட்டைப்பையில் அடங்கும் கேமராக்கள் பலவற்றில் சென்சார் சுமார் 6 மி.மீ. அகலம்தான். அது போனைவிடப் பெரிதாக எதுவும் செய்துவிடாது. பல மிரர்லெஸ் கேமராக்களில் உள்ள ஏ.பி.எஸ்-சி சென்சார் சுமார் 23.5 மி.மீ. அகலம், பரப்பளவில் ஏறக்குறைய 13 மடங்கு. மங்கலான மேடைக்கு அதுதான் கைகொடுக்கும். கடைசி வரிசையில் இடம் கிடைத்தால் ஜூம் லென்ஸ் மாட்டலாம். ஆனால், அதற்குத் தனிச் செலவு, பையும் கனக்கும்.

கனக்கிறதென்று வீட்டில் வைத்துவிட்டுப் போனால், எவ்வளவு நல்ல கேமராவும் வீண். ஊர் சுற்றத்தான் என்றால், '1 இன்ச்' எனப்படும் 13 மி.மீ. அகல சென்சார் உள்ள சிறிய கேமரா போதும். 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100-ன் எடை 240 கிராம்தான்.

கடையில் மெகாபிக்ஸலைக் கேட்காதீர்கள். சென்சார் அளவைக் கேளுங்கள்!