மச்சான் தோளில் இருபது அடி!

பனிமலையில் காலில் மாட்டிக்கொண்டு சர்ரென்று சறுக்குவார்களே, அந்தப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். நம்ம காஷ்மீர் குல்மார்க்கில்கூட உண்டு. நீளம் என்னவோ ஆள் உயரம்தான். ஆனால் அதைக் கார் கூரையில் ஏற்ற வெளிநாட்டுக்காரர் படுத்துகிற பாடு இருக்கிறதே... தனி ஸ்டாண்டு, கவ்வி, பூட்டு! வளைந்த மூக்கு பின்பக்கம் பார்க்க வேண்டுமாம். முன்னால் பார்த்தால் காற்று புகுந்து தூக்கிவிடுமாம்.

இப்போது அருப்புக்கோட்டை - திருச்சுழி ரோட்டுக்கு வாருங்கள். பனி கிடையாது. வெயில் உண்டு, சீமைக் கருவேல் உண்டு, மொபெட் உண்டு. மாப்பிள்ளை ஓட்ட, பின்னால் மச்சான் தோளில் நாலு பிவிசி பைப்பு. ஒவ்வொன்றும் 20 அடி! ஸ்டாண்டு, மச்சான் தோள். கவ்வி, மச்சான் கை. பூட்டு, குலசாமி!

நான் பி.காம். எனக்குக் கணக்குதான் முதலில் கண்ணில் படும். மொபெட் நீளம் ஆறடி. மிச்சம் 14 அடி யார் கணக்கு? முன்னால் நீட்டுகிற 7 அடி மாப்பிள்ளை கணக்கு. பின்னால் நீட்டுகிற 7 அடி, ஒரு பாவமும் அறியாமல் பின்னால் வருகிறவர் கணக்கு! வண்டி வலப்பக்கம் திரும்பினால் பைப்பின் வால் இடப்பக்கம் வீசும். அதுவும் சரியாக பைக்கில் வருகிறவர் முகத்து உயரத்தில்.

"அதான் செவப்புத் துணி கட்டியிருக்கோம்ல?" என்பார்கள். பொழுது சாய்ந்தால் சிவப்பும் கறுப்புதானே, சார்!

சட்டம் என்ன சொல்கிறது? 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில், கம்பு, கம்பிகள் வண்டிக்குப் பின்னால் ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொள்ளச் சலுகை இருந்தது. 2014-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். 2019 திருத்தச் சட்டப்படி, அளவு மீறிச் சரக்கு வெளியே நீட்டினால் அபராதம் 20,000 ரூபாய். இறக்குகூலி தனி!

டீக்கடையில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன்.

"தம்பி, மொளகாய்ச் செடி வாடுது. நாலு பைப்புக்கு வண்டி பிடிச்சா எனக்குக் கட்டுமா?" என்றார்.

நியாயமான கேள்வி. வழியும் இருக்கிறது. கறுப்பு ஓஸ் பைப்பு சுருளாகவே கிடைக்கிறது. கேரியரில் கட்டினால் வாலே இல்லை. பிவிசிதான் வேண்டுமென்றால் கடையிலேயே பத்துப் பத்து அடியாக அறுத்து வாங்கி, காட்டில் கப்ளிங் போட்டு ஒட்டிக்கொள்ளலாம். பத்தடிப் பைப்பைக் 'குட்டி யானை' கேபின் மேல் சாய்த்துக் கட்டினால் வண்டி நீளத்துக்குள் அடங்கிவிடும். ஊரில் மூணு பேர் சேர்ந்து ஏற்றினால் வாடகையும் மூணாகப் பிரியும்.

பெரியவர் டீயை ஆற்றியபடி, "மூணாப் பிரிச்சா கட்டும்" என்றார்.

இருபதாயிரம் கட்டினால் ரசீது கொடுப்பார்கள். பின்னால் வருகிறவர் கண்ணுக்கு எந்த ஆபீசில் ரசீது வாங்குவது?