கூடப் போக ஓர் ஆள்



பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எந்தத் தாலுகா ஊர் இ-சேவை மையத்துக்குப் போனாலும் கூட்டம்தான். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர். உள்ளே டி.சி., ரேஷன் கார்டு, ஆதார், அப்பாவின் எட்டாம் வகுப்புச் சான்று, வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்ற உறுதிமொழி. எல்லாம் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக. கட்டணம் அறுபது ரூபாய். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் தம்பி எடுத்த எடுப்பில் கேட்பது, "கேன் நம்பர் இருக்கா?" அப்படி ஒரு பதிவு எண் இருப்பதே பிள்ளைக்கு அப்போதுதான் தெரியும். அதைப் பதிய ஓ.டி.பி. வேண்டும். அது அப்பாவின் போனுக்குப் போகும். அப்பா திருப்பூரில் சாயப்பட்டறை ஷிஃப்டில் இருப்பார். "அப்பா, ஒரு நம்பர் வந்திருக்கும், பாத்துச் சொல்லுங்கப்பா" என்று பிள்ளை இங்கிருந்து கத்த, அவர் அங்கே மிஸ்டு காலில் தேடிக்கொண்டிருப்பார். அதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து.

அதன் பிறகு விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., மண்டலத் துணை வட்டாட்சியர் என்று மேசை மேசையாகப் போக வேண்டும். கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை வாங்கித் தரும் சான்றிதழ் இது. 2010-11 கல்வியாண்டில் வந்த நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த அலைச்சலை முன்னே அலைந்து பார்த்தவர் ஒருவரும் வீட்டில் இல்லை என்பதுதான் இதைப் பெறுவதற்கான தகுதியே.

உயர்கல்வியில் தமிழ்நாடு பின்தங்கிக் கிடக்கவில்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி, 18 முதல் 23 வயது வரை உள்ளோர் தொகைக்கு உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம் நாடு முழுவதும் 28.4 சதவீதம். நம் மாநிலத்தில் 47. இது சும்மா வந்துவிடவில்லை. 1951இல் வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றபோது இங்கே கிளம்பிய எதிர்ப்பு, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தில் போய் நின்றது. (வழக்குப் போட்ட செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது தனிக்கதை.) தொழிற்கல்வி நுழைவுத்தேர்வை நீக்கும் சட்டம் 2006இல் வந்தது. பத்தாண்டு கழித்து நீட் வேறு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. நீதிபதி கலையரசன் குழு, அவர்களுக்கு 10 சதவீத உள்ஒதுக்கீடு தரலாம் என்றது. அரசு 7.5 சதவீதம் என்று வைத்து 2020இல் சட்டம் செய்தது. ஆளுநரின் கையெழுத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்ததும், கடைசியில் அரசாணையே போட்டுவிட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஓராண்டிலேயே 400க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவத்திலும் பல் மருத்துவத்திலும் சேர்ந்தார்கள். முந்தைய ஆண்டுப் பிள்ளைகளைவிட இவர்களுக்கு மூளை கூடிவிடவில்லை. விதி மாறியது, அவ்வளவுதான். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று இந்த ஒதுக்கீடு விரிந்தது. இதில் இடம் பெறுகிறவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டது. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் இதில் இடமில்லை. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுப் பிள்ளைகள், ஒரே மாதிரி வறுமை, பள்ளிக்கூடத்தின் போர்டு மட்டும் வேறு. அந்தப் பெற்றோரின் கோபம் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

இந்தத் திட்டங்களிலெல்லாம் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ளதுதான். பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து 1936இல் நாவலே எழுதிய அந்த அம்மையாரின் பெயரில் 1989இலிருந்து திருமண உதவித் திட்டம் நடந்துவந்தது. பிற்காலத்தில் பத்தாவது படித்த பெண்ணுக்கு 25,000, பட்டம் வாங்கிய பெண்ணுக்கு 50,000, கூடவே தாலிக்குத் தங்கம். பெண் பிள்ளையைக் கல்யாணம் வரைக்குமாவது பள்ளிக்கு அனுப்பட்டும் என்ற அந்தக் காலத்துக் கணக்கு அது. 2022இல் அதே பெயரை வைத்துக்கொண்டு நோக்கத்தை மட்டும் மாற்றினார்கள். தாலிக்குப் போன பணம் கல்லூரிக்குப் போகிற பெண்ணின் வங்கிக் கணக்குக்கு, மாதம் 1,000 என்று போகத் தொடங்கியது. அதுதான் புதுமைப்பெண் திட்டம். பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள், நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கல்லூரிக்குப் போய்வர ஆகும் பஸ் செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில்தான் டிக்கெட் இல்லை. டவுன் பஸ் அவ்வளவு தூரம் போகாது.

சட்டம் இருக்கிறது, பணமும் ஏதோ வருகிறது. பிறகும் பிள்ளைகள் எங்கே தவறிப்போகிறார்கள்?

ரிசல்ட் வந்த மறுவாரமே ஊருக்குள் பைக்கில் வருவார் ஒருவர். வெள்ளைச் சட்டை, கையில் பளபளவென்று அச்சடித்த கல்லூரிப் புத்தகம். "கவுன்சலிங் எல்லாம் வேண்டாம்மா, இழுத்தடிப்பான். நம்ம காலேஜ்ல இப்பவே சீட்டு. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுங்க, பஸ் வாசலுக்கு வரும்." இனிக்க இனிக்கப் பேசுவார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன். நிர்வாக ஒதுக்கீட்டில் நேரே போய்ச் சேர்ந்துவிட்டால் முதல் பட்டதாரிச் சலுகை இல்லை, 7.5 சதவீதமும் இல்லை என்பதை அவர் சொல்ல மாட்டார். சொல்லத் தெரிந்த யாரும் அந்த வீட்டில் இல்லை. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கேட்கும்போதுதான் விஷயம் தெரியவரும். அப்போது ஒரிஜினல் சர்டிஃபிகேட் கல்லூரி பீரோவில் இருக்கும்.

பொறியியல் கலந்தாய்வுக்கே போகிற பிள்ளைக்கும் சிக்கல் உண்டு. கட்-ஆஃப் 200க்கு எவ்வளவு என்று கணக்குப் போட எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. ஆனால் சாய்ஸ் போடுவது வேறு கலை. நானூறுக்கு மேல் கல்லூரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், அதற்குள் பாடப்பிரிவுகள். விருப்பப் பட்டியலில் எதை மேலே வைப்பது, எத்தனை போடுவது, கிடைத்ததை வைத்துக்கொண்டே மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாமா என்பதையெல்லாம் பட்டதாரி வீட்டுப் பிள்ளை சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தே கற்றுக்கொள்கிறது. மாமா ஒருவர் எக்ஸெல் ஷீட்டே போட்டுத் தருகிறார். மற்றப் பிள்ளை, பெயர் கேள்விப்பட்ட ஐந்தாறு கல்லூரிகளை மட்டும் போட்டுவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கக்கூடிய மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் உண்டு.

பழங்குடிப் பிள்ளைகளின் கதை இன்னும் ஒரு படி கடினம். மற்றவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் தாலுகா அளவிலேயே முடிந்துவிடும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும். போலிகளைத் தடுக்க வந்த ஏற்பாடு, காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் விசாரணை, மறு விசாரணை என்று இழுப்பதில் இருளர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்குக் கல்வி ஆண்டே கழிந்துவிடுகிறது. தாத்தா பெயரில் பத்திரம் உண்டா என்று கேட்டால், பாம்பு பிடித்தும் எலி பிடித்தும் வாழ்ந்தவரின் பேரன் எதைக் கொண்டுவந்து காட்டுவான்? பிளஸ் டூ வரை வந்துவிட்ட பிள்ளையை ஒரு காகிதத்துக்காகத் திருப்பி அனுப்புவது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடமே விண்ணப்பத்தைத் தொடங்கிவைத்தால் மூன்று ஆண்டு அவகாசம் இருக்கும்.

கல்லூரிக்குள் போனதும் முடிந்துவிடுவதில்லை. தமிழ் வழியில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் எம்-ஒன் என்ற கணக்குத் தாளில் அரியர் விழுகிறது. கணக்கு தெரியாமல் அல்ல, கேள்வி புரியாமல். பள்ளியில் முதல் பெஞ்சில் இருந்த பிள்ளை இங்கே கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறது. "எனக்குப் படிப்பு வராதுப்பா" என்று போன் வரும். அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியாது. "முடியலேன்னா வந்துருடா சாமி" என்பார், பாசத்தில். அரியர் என்பது வாழ்க்கை முடிந்துபோகிற விஷயம் இல்லை, நவம்பரில் விழுந்ததை ஏப்ரலில் எழுதிவிடலாம் என்று சொல்ல அந்த நேரத்தில் ஒரு அண்ணனோ அக்காவோ வேண்டும்.

முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துக்கொள்கிறேன். தேவதாசி மரபில் வந்த தாயின் மகள். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியதையும் மீறிப் படித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார், 1912இல் டாக்டரானார். அவருடைய திறமையும் துணிவும் ஊரறிந்தவை. ஆனால் அவருடைய அப்பா அதே கல்லூரியின் முதல்வராக இருந்தவர், சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் தொண்டைமான் மகாராஜா என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். விண்ணப்பம் யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்த மனிதர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். அவ்வளவு திறமை இருந்தும், அப்படி ஒருவர் இல்லாததால் பெயரே தெரியாமல் போனவர்கள் எத்தனை பேரோ.

நம் வாசகர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறையப் பேர். வங்கியிலும் வருவாய்த் துறையிலும் இருந்தவர்களும் உண்டு. மே, ஜூன் மாதங்களில் ஒரே ஒரு பிள்ளையோடு இ-சேவைக்கும் தாலுகா ஆபீஸுக்கும் போய்வாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பணம் வேண்டாம். கவுன்டரில் "நாளைக்கு வா" என்றால் "எந்த மேசையில் நிற்கிறது சார்?" என்று கேட்கத் தெரிந்த வாய் போதும். அந்தப் பிள்ளையின் நம்பரை நவம்பர் வரைக்கும் அழிக்காமல் வைத்திருங்கள்.

தென்காசிப் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மூத்தவள் பி.காம். முடித்துவிட்டாளாம். சின்னவளுக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டா என்று கேட்கிறார். அம்மா, அது கிடைக்காது. அக்கா பட்டம் வாங்கிவிட்டதால் அந்தக் கணக்கு முடிந்தது. ஆனால் சின்னவள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீதப் பட்டியலில் அவளுக்கு இடம் உண்டு. அதில் சீட்டு கிடைத்தால் கட்டணம் அரசுடையது. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் மாதம் ஆயிரத்துக்குக் கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். பைக்கில் வருகிறவரிடம் ஒரிஜினல் எதையும் கொடுக்காதீர்கள். சாய்ஸ் போடும்போது சந்தேகம் வந்தால் நம் அலுவலகத்துக்கு போன் செய்து லே-அவுட் பிரிவுத் தம்பியைக் கேளுங்கள். போன வருடம்தான் தன் தங்கைக்குப் போட்டுக் கொடுத்தான், என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
ஆசிரியர்