அம்மா சொன்னதால் மட்டுமா? அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டு வாங்கித் தந்த 24 வயசு எம்.எல்.ஏ

ஹாரி பர்ன் கதையை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். பாக்கெட்டில் அம்மாவின் கடிதம், கடைசி நிமிடத்தில் மனமாற்றம், அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், ஒரு எம்.எல்.ஏ எடுத்த ரிஸ்க்கை 'அம்மா பிள்ளை' என்று சுருக்கிவிடுவது நியாயமில்லை.

என்ன நடந்தது?

1920 ஆகஸ்ட். பெண் என்பதற்காக ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்கிற 19-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்கு 36 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். 35 வந்துவிட்டது. பாக்கி ஒன்றுதான். எல்லார் கண்ணும் டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில் மீது. ஆதரவாளர்கள் சட்டையில் மஞ்சள் ரோஜா, எதிர்ப்பாளர்கள் சட்டையில் சிவப்பு. பர்ன் குத்தியிருந்தது சிவப்பு.

காரணம் சிம்பிள். 22 வயதில், 1918-ல் முதல்முறை ஜெயித்தவர். நவம்பரில் மறுபடி தேர்தல். தொகுதியிலோ எதிர்ப்பு பலமாக இருந்தது.

ரீல்ஸில் வராத ஒரு விஷயம் உண்டு. ஆகஸ்ட் 18-ம் தேதி, திருத்தத்தைக் கிடப்பில் போடும் தீர்மானம் இரண்டு முறை ஓட்டுக்கு வந்தது. இரண்டு முறையும் பர்ன் கிடப்பில் போடும் பக்கம்தான் நின்றார்! 48-க்கு 48 என்று சமமானதால் தீர்மானம் தோற்றது. அப்படிச் சமமாக்கியதில் பேங்க்ஸ் டர்னர் என்ற இன்னொரு உறுப்பினருக்குப் பெரிய பங்கு. அவர் பெயர் இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

நழுவ வழியில்லாமல் நேரடி ஓட்டெடுப்பு வந்தபோதுதான் பர்ன் 'ஆம்' என்றார். 49-47. சபாநாயகர் சேத் வாக்கர் எதிர்ப்பாளர்; ஆனால் மறுபரிசீலனை கோரும் உரிமைக்காகத் தன் ஓட்டை மாற்றிப் போட்டார். அந்தத் தந்திரமும் பலிக்கவில்லை.

கடிதம் பொய்யா?

இல்லை, நிஜம். அம்மா ஃபெப் பர்ன், கணவர் இறந்தபின் பண்ணையை நடத்தியவர், அரசியல் செய்திகளைத் தவறாமல் படிப்பவர். ஓட்டுரிமைக்கு ஆதரவு கொடு என்று மகனுக்கு எழுதியிருந்தார்.

ஆனால், முக்கியமானது மறுநாள் நடந்தது. பர்ன் லஞ்சம் வாங்கிவிட்டார் என்று புரளி கிளம்ப, அவர் தன் விளக்கத்தைச் சபைக் குறிப்பிலேயே பதிய வைத்தார். பெண்களின் ஓட்டு அவர்களின் உரிமை என்று நம்புவதாகச் சொன்னார். அம்மாவின் அறிவுரை அதற்கப்புறம் வந்த காரணம். 1.7 கோடிப் பெண்களை அரசியல் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கும் வாய்ப்பு, தன் கட்சியான குடியரசுக் கட்சிக்குப் பெருமை என்பதெல்லாமும் இருந்தது. மனசாட்சி, பாசம், கட்சிக் கணக்கு மூன்றும் கலந்த ஓட்டு அது. அரசியலில் பெரும்பாலான நல்ல முடிவுகள் இப்படித்தான் வருகின்றன. அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஆகஸ்ட் 26-ல் திருத்தம் அதிகாரபூர்வமானது. தெற்கு மாநிலக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு அது காகிதத்தில் மட்டும்தான். 1965 வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நவம்பரில் பர்ன் மறுபடி நின்றார். இந்த முறை ஓட்டு வரிசையில் பெண்களும் இருந்தார்கள். ஜெயித்தார். பிறகு வக்கீல், வங்கி நிர்வாகி, மாநில செனட்டர் என்று வாழ்ந்து 1977-ல் காலமானார்.