மடியில் கனல்

தில்லியில் 2024 மே 29 அன்று முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி வெயில் காட்டியது. நாடே வாயைப் பிளந்தது. பிறகு ஆராய்ந்து பார்த்த வானிலைத் துறை, கருவி 3 டிகிரி கூட்டிக் காட்டிவிட்டது என்றது. மீதி 49.9 டிகிரியை எங்கே கொண்டு வைப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த வாரத்தில்தான் என் லேப்டாப் படுத்துக்கொண்டது.

வேளை பார்த்துத்தான் படுத்தது. ஜூன் 1 கடைசிக் கட்ட வாக்குப்பதிவு, ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை. ஆங்கிலத்தில் வந்து குவியும் அலசல்களை இரவோடு இரவாகத் தமிழாக்கித் தர வேண்டிய வாரம். மொழிபெயர்ப்பாளருக்கு லேப்டாப் என்பது தையற்காரருக்குத் தையல் மெஷின் மாதிரி. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது மெஷின் மக்கர் செய்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

நோயின் குறிகள் இவை. காலையில் திறந்தால் ஒழுங்காக ஓடும். அரை மணி ஆனதும் உள்ளே இருக்கும் விசிறி மிக்ஸி மாதிரி இரையும். கீபோர்டின் மேல்பகுதி தோசைக்கல்லாகக் காயும். அதற்குப் பிறகு எல்லாமே ஊர்ந்து போகும். ‘பெரும்பான்மை’ என்று தட்டிவிட்டுக் காத்திருந்தால் முதலில் ‘பெரு’ வரும்; ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் வந்திருக்கும். (அந்தத் தேர்தலுக்கு அது பொருத்தம்தான் என்பது ஜூன் 4 மாலையில் தெரிந்தது.)

வீட்டு வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தேன். ஐந்து வருடப் புகைப்படங்களை அழித்தேன். பயன்படாத மென்பொருள்களை நீக்கினேன். ஏர் கூலருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். கணவர் தன் பங்குக்கு ஃப்ரீஸரிலிருந்து ஐஸ் பையை எடுத்து வந்து அடியில் செருகச் சொன்னார். செருகினேன். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். அந்த நீர் உள்ளே போனால் சூட்டினால் வராத சாவு அதனால் வரும். கூலருக்கு முன்னால் வைப்பதும் ஈரக் காற்றைக் கொடுப்பதுதான். அதில் அவ்வளவு ஆபத்து இல்லை, ஆனால் பயனும் இல்லை.

மே 31, வெள்ளிக்கிழமை, முறைப்படி சர்வீஸ் சென்டருக்கே போனேன். கவுன்டரில் இருந்தவர் மூடியைத் திறந்தார், பத்து நிமிடம் எதையோ ஓடவிட்டார், மூடினார். “மதர்போர்டு போய்விட்டது மேடம். 32 ஆயிரம் ஆகும். பத்து நாள் ஆகும். இதற்குப் பதில் புதிதே வாங்கிவிடலாம்” என்றார். பின்பக்கத்து ஒரு திருகைக்கூட அவர் கழற்றிப் பார்க்கவில்லை என்பது வெளியே வந்து ஆட்டோவில் ஏறியபோதுதான் உறைத்தது.

பெங்களூரில் சிப் வடிவமைக்கும் வேலையில் இருக்கும் சித்தி மகனுக்கு அன்றிரவு போன் செய்தேன், நல்லதாக ஒன்று வாங்கச் சிபாரிசு கேட்பதற்காக. அவன் சிபாரிசு செய்யவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான். “மதர்போர்டு போயிருந்தா காலைல மட்டும் எப்படிக்கா நல்லா ஓடும்?”

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது.

லேப்டாப் மெதுவாவதில் இரண்டு ஜாதி உண்டு என்று விளக்கினான். திறந்த முதல் நிமிடத்திலிருந்தே மந்தம் என்றால் சந்தேகப்பட வேண்டியது வேறு: சுழல் தட்டு ஹார்டு டிஸ்க், போதாத நினைவகம், தானாகவே தொடங்கும் பத்துப் பதினைந்து மென்பொருள்கள். நன்றாக ஓடி, சூடேறிய பிறகு மந்தம் என்றால் கதையே வேறு. அப்போது அது கெட்டுப்போகவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

சோதனையும் அவனே சொன்னான். இயந்திரம் ஊர்ந்துகொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் வரும். அதில் செயல்திறன் பக்கத்தில் ‘ஸ்பீடு’ என்று ஒரு எண் இருக்கும், படி என்றான். படித்தேன். 0.39 கிகாஹெர்ட்ஸ். சாதாரணமாக 1.6-ல் நடக்கவும் தேவைப்பட்டால் 3.9 வரை பாயவும் கூடிய சிப் அது. வெப்பத்தைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போடச் சொன்னான். அது 97 டிகிரி என்றது. வெறும் எழுத்து வேலைக்கு 97! “பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வண்டி ஓட்டற. இன்ஜின் மேல பழி போடாத” என்றான்.

இந்த பிரேக்குக்கு ஒரு சரித்திரம் உண்டு. 2001-ல் ‘டாம்ஸ் ஹார்டுவேர்’ என்ற கணினி விமர்சனத் தளத்தார் ஒரு குரூரமான சோதனை செய்தார்கள். கணினிகளில் விளையாட்டை ஓடவிட்டு, சிப்பின் மேலிருக்கும் குளிர்விப்பானை அப்படியே பிடுங்கினார்கள். ஏஎம்டி நிறுவனத்தின் அத்லான் சிப் சில நொடிகளில் புகைந்து கருகியது. இன்டெலின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி ஓடிக்கொண்டே இருந்தது. குளிர்விப்பானைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. தன் சூட்டைத் தானே அளந்து அடங்கிக்கொள்ளும் அந்தப் புத்தி இன்று எல்லா லேப்டாப் சிப்புகளிலும் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் எல்லைக்கோடு 100 டிகிரியை ஒட்டி. அங்கே நெருங்கினால் வேகம் குறையும். அப்படியும் அடங்காவிட்டால் இயந்திரம் சட்டென்று அணைந்துவிடும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்து வேலை செய்யும் ரக லேப்டாப்பின் சிப் தொடர்ந்து ஓடும்போது செலவழிப்பது சுமார் 15 வாட். கேட்பதற்கு அற்பம். ஆனால் ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். தபால்தலையைவிடச் சிறிய இடத்திலிருந்து கிளம்பும் அந்தச் சூட்டை ஒரு தட்டையான செப்புக் குழாய் வாங்கிக்கொள்கிறது. குழாய்க்குள் துளி நீர்தான். உள்ளே அழுத்தம் மிகக் குறைவு என்பதால் அது சீக்கிரமே ஆவியாகி மறுமுனைக்கு ஓடி, அங்கே சீப்புப் பல் போன்ற மெல்லிய தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு, மறுபடி நீராகித் திரும்புகிறது. தகடுகளுக்கு இடையே விசிறி காற்றை ஊதி வெளியேற்றுகிறது. அவ்வளவுதான் ஏற்பாடு. அந்தத் தகடுகள் அடைத்துக்கொண்டால் விசிறி எவ்வளவு கத்தினாலும் பிரயோஜனம் இல்லை.

தில்லிக் கோடையின் பங்கு இதில் என்ன? விசிறி எந்தப் பொருளையும் அறையின் காற்றைவிடக் குளிரவைக்க முடியாது. அறை 25 டிகிரியாக இருக்கும்போது 75-ல் நிற்கும் சிப், அறை 40 ஆனால் அதே வேலைக்கு ஏறத்தாழ 90-ல் நிற்கும். பல நிறுவனங்களின் கையேடுகள் 35 டிகிரி வரையுள்ள இடத்தில்தான் இயக்க வேண்டும் என்கின்றன. நாக்பூரிலும் வேலூரிலும் ஜெய்ப்பூரிலும் மே மாதத்தில் ஏ.சி. இல்லாத வீட்டில் யார் இதைக் கடைப்பிடிக்க முடியும்? எழுதியவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார்களோ!

சனி, ஞாயிறு இரண்டு நாளையும் தம்பி சொன்ன தற்காலிக மருந்தில் ஓட்டினேன். விண்டோஸின் மின்சார அமைப்புகளில் பிராசஸரின் உச்சவரம்பு 100 சதவீதம் என்றிருக்கும். அதை 99 ஆக்கினால், அவ்வப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பாயும் அந்தக் கூடுதல் வேகம் நின்றுவிடும். ஒரு சதவீதம்தானே என்று நினைக்க வேண்டாம். என் இயந்திரத்தில் 12 டிகிரி இறங்கியது. (சில மாடல்களில் இந்த வசதி கண்ணில் படாது.) பின்பக்கம் சற்றுத் தூக்கி நிற்க ‘க்ரியா’ அகராதியை முட்டுக்கொடுத்தேன். அகராதி எனக்கு இவ்வளவு நேரடியாக உதவியது அதுவே முதல் தடவை. அதிகாலை நாலு மணிக்கு எழுந்து எட்டு மணி வரை எழுதினேன். கருத்துக்கணிப்புகள் பற்றிய கட்டுரை முழுவதும் அப்படித்தான் தமிழுக்கு வந்தது.

ஜூன் 3, திங்கள்கிழமை, நேரு பிளேஸ். மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் லாஜ்பத் நகர், அங்கே மாறி மூன்றாவது நிறுத்தம். துணிக்கடைகளும் கணினிக் கடைகளும் தோளோடு தோள் நிற்கும் அந்த வளாகத்தில், ஒரு மாடிப்படித் திருப்பத்தில் மேசை போட்டிருந்தார் இளைஞர் ஒருவர். இருபத்தைந்து வயது இருக்கும். குறிகளைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி இயந்திரத்தைப் பற்றியதே அல்ல.

“ஆன்ட்டி, எங்கே வைத்து வேலை செய்வீர்கள்?”

“கட்டிலில்.”

“மெத்தை மேலேயா?”

“குளிர்காலத்தில் ரஜாய் மேல்.”

அவர் ஒன்றும் சொல்லாமல் லேப்டாப்பைக் கவிழ்த்து, அடிப்பக்கத்து வரிசைத் துளைகளைக் காட்டினார். காற்று உள்ளே போகும் வழி அது. ஐந்து வருடமாக அதை ரஜாயால் பொத்தி வைத்திருந்திருக்கிறேன்.

இந்த இடத்தில் தமிழ் எம்.ஏ. படித்தவள் என்ற முறையில் ஒரு புகார் உண்டு. மடிக்கணினி என்று பெயர் வைத்தவர்கள்மேல்தான். மடியில் வைக்கக் கூடாத பொருளுக்கு மடியின் பெயர். குறளில் ‘மடியின்மை’ என்றொரு அதிகாரமே இருக்கிறது; அங்கே மடி என்றால் சோம்பல். மடிதல் என்றால் சாதல். சோம்பிப் போய் மடியக் காத்திருந்த என் கணினிக்கு அந்தப் பெயர் மூன்று பொருளிலும் பொருந்தியது என்பது வேறு விஷயம்.

பின்மூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிரித்தார். விசிறியைத் தூக்கினார். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒன்று. இடுக்கியால் அப்படியே முழுசாக உரித்தெடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ரஜாய்ப் பஞ்சு, தில்லிப் புழுதி, என் தலைமுடி. திரித்தால் இரண்டு விளக்குக்குத் திரி ஆகும். வெளியிலிருந்து பார்த்தால் துளைகள் பளிச்சென்று இருந்தன. வாராவாரம் நானே துடைத்தவைதான். அடைப்பு உள்ளே இருந்தது.

சிப்புக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவே பூசும் பசை, நெற்றியில் காய்ந்த சந்தனமாக உதிர்ந்தது. அது இளகியிருந்தால்தான் சூட்டைக் கடத்தும். மூன்று நான்கு வருடத்தில் பலதில் காய்ந்துவிடும். ஆல்கஹாலில் துடைத்து, அரிசியளவு புதுப் பசை வைத்தார். நாற்பது நிமிடம், 700 ரூபாய். அங்கேயே ஓட்டிக் காட்டினார். 97 இருந்த இடத்தில் 68.

எல்லாருக்கும் இப்படியே முடியும் என்று சொல்ல மாட்டேன். பிரவுசரில் நாற்பது பக்கங்களைத் திறந்து வைத்திருப்பவருக்கு நேரு பிளேஸ் தேவையில்லை; டாஸ்க் மேனேஜரில் சிபியு பத்தியைப் பார்த்தால் யார் விழுங்குகிறார்கள் என்று தெரிந்துவிடும். மலிவு சார்ஜர் மாட்டினால் மின்சாரம் போதாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் லேப்டாப்புகளும் உண்டு. 2020-க்குப் பிறகு வந்த மேக்புக் ஏர் போன்றவற்றில் விசிறியே கிடையாது. அவற்றில் தூசி தேடிப் பயனில்லை. டச்பேட் மேலே புடைத்துக்கொண்டு வந்தாலோ, அடிப்பாகம் மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது மட்டும் விளையாட வேண்டாம். அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள், நேராகக் கடைக்கு. லித்தியம் பேட்டரி பிடித்தால் நெருப்புத்தான்.

நீங்களே திறக்கலாமா என்றால், முதல் தடவை வேண்டாம் என்பேன். வாரன்டி இருந்தால் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனரை எதிர்ப்பக்கம் வைத்து ஊதி, விசிறி தறிகெட்டுச் சுழன்று உடைந்த கதைகளை அந்த இளைஞரே நாலு சொன்னார். ரிச்சி தெருவோ, எஸ்.பி. ரோடோ, லாமிங்டன் ரோடோ, கொல்கத்தா சாந்தினியோ, உங்கள் ஊரிலும் ஒரு மாடிப்படித் திருப்பம் இருக்கும். கோப்புகளை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். திறக்காமலே தீர்ப்புச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எண்ணத் தொடங்கினார்கள். நள்ளிரவு தாண்டியும் எழுதினேன். விசிறிச் சத்தம் கேட்கவில்லை. சனி, ஞாயிறு பாடுபட்டுத் தமிழாக்கிய கருத்துக்கணிப்புக் கட்டுரைதான் மொத்தமாகக் குப்பைக்குப் போனது.

பையை ஒழுங்குபடுத்தும்போது அதில் ஒரு சின்னத் திருகு கிடந்தது. எங்கே மாட்ட வேண்டியது என்று தெரியவில்லை. லேப்டாப் ஓடுகிறது. திருகு மேசை டிராயரில் இருக்கிறது.