நஷ்டஈடு தருமமா? உரிமையா?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த கிராமங்களில், வேலைக்குப் போன ஒருவன் கையையோ காலையோ இழந்து வீடு திரும்பினால், அன்றைய தினமே மூன்று பேச்சுகள் புறப்பட்டுவிடுகின்றன. ஒன்று, "அவன் தலையெழுத்து" என்பது. இரண்டு, "அவன் அஜாக்கிரதை" என்பது. மூன்று, "முதலாளி மகராசன், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்தாரே" என்பது. இவற்றைச் சொல்லுகிறவர்கள் வேறு வேறு ஆட்களாயிருந்தாலும், மூன்றின் பலனும் ஒன்றேயாகும். அதாவது, அடிபட்டவன் தனக்குச் சேரவேண்டியதைக் கேளாமலிருக்கும்படி செய்வதேயாகும்.

முதலில் தலையெழுத்தை எடுத்துக்கொள்வோம். ஆயுத பூசையன்று இயந்திரத்துக்குச் சந்தனம் பூசிப் பூசணிக்காய் உடைக்கிறார்கள். ஆனால் அதே இயந்திரத்தின் பற்சக்கரத்துக்கு ஒரு தகரமூடி போடக் காசு செலவழிப்பதில்லை. விரல் போன பிறகு சனியின்மேல் பழி போடுகிறார்கள். எல்லா ஊருக்கும் ஒரே சனிதானே? மூடி போட்ட இயந்திரத்தில் வேலை செய்பவனை மட்டும் அந்தச் சனி ஏன் விட்டுவிடுகிறது என்று கேட்கின்றோம்.

அடுத்தது அஜாக்கிரதை. இதற்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. 1923ல் ஏற்பட்டு 1924 ஜூலை 1ல் அமுலுக்கு வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அடிப்படையே, முதலாளியின் குற்றத்தை ருசுப்பிக்க வேண்டியதில்லை என்பதுதான். வேலையினால், வேலையின்போது விபத்து நேர்ந்தது என்றாலே போதுமானது. அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. பெயர் மாறிற்றேயொழிய இந்த அடிப்படை மாறவில்லை. "குடித்திருந்தான்" என்ற சாக்குக்கூட, செத்துப்போனவன் விஷயத்திலும் முழு ஊனமடைந்தவன் விஷயத்திலும் செல்லாது.

மூன்றாவது, மகராசனின் தருமம். ஏகலைவன் கட்டைவிரலை வெட்டிக் கொடுத்ததைக் குருபக்தி என்று நமக்குக் கதை சொல்லிவந்தார்கள். அந்த விரலுக்கு யாரும் விலை கேட்டதாகக் கதையில் இல்லை. இன்றைய சட்டமோ கட்டைவிரல் இழப்பை நூற்றுக்கு 30 பங்கு சம்பாத்திய சக்தி இழப்பாக மதிக்கிறது. மாதம் 10,000 ரூபாய் கூலி வாங்கும் 30 வயதுத் தொழிலாளியின் கணக்கைப் பாருங்கள். கூலியில் நூற்றுக்கு 60 பங்கு 6,000 ரூபாய். அதை அந்த வயதுக்குரிய 207.98 என்ற எண்ணால் பெருக்கினால் 12,47,880 ரூபாய் வரும். இது முழு ஊனத்துக்குரிய தொகை. இதில் 30 பங்கு 3,74,364 ரூபாய். ஐயாயிரமோ பத்தாயிரமோ கையில் திணித்து, வெள்ளைக் காகிதத்தில் மற்றக் கையின் ரேகையை வாங்கிக்கொள்பவர் தருமவானா, கடன்காரரா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். உரிமையை விட்டுக்கொடுத்ததாக அப்படி எழுதி வாங்கிய காகிதம் செல்லாது என்பதும் சட்டமேயாகும்.

கேட்டால் கிடைக்குமா என்பார்கள். 1968ல் ஒடிசாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் வேலை செய்த தச்சர் ஒருவர் கீழே விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே வெட்ட வேண்டியதாயிற்று. இது முழு ஊனமாகாது என்று முதலாளி சுப்ரீம் கோர்ட்டு வரையில் வழக்காடினார். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகையால் அந்தத் தச்சருக்கு அது முழு ஊனந்தான் என்று 1975ல் தீர்ப்பாயிற்று. பணம் விபத்து நடந்த நாளிலிருந்தே கடனாகிவிடுகிறது என்றும் அந்தத் தீர்ப்புச் சொல்லிற்று.

"நீ கண்டிராக்டர் ஆள், தினக்கூலி" என்ற பேச்சுக்கும் மயங்க வேண்டாம். தன் தொழிலைச் சேர்ந்த வேலையைக் கண்டிராக்டரிடம் விட்ட முதலாளியும் பொறுப்பாளியே. தற்காலிக ஆள் என்ற விலக்கு 2000த்திலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

செய்ய வேண்டியது இவ்வளவே. விபத்தை உடனே முதலாளிக்கு எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். வேலையில் அடிபட்டது என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதச் செய்ய வேண்டும். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்தோ ரேகையோ வைக்கக்கூடாது. இ.எஸ்.ஐ. உள்ள தொழிற்சாலையானால் அங்கே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருஷத்துக்குள் தொழிலாளர் இலாகா அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் கொடாத முதலாளி நூற்றுக்கு 12 வட்டியும், தக்க காரணமில்லாவிட்டால் தொகையில் பாதிவரை அபராதமும் கட்ட நேரிடும். வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

1936 ஜூலை 30ந் தேதி புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதன் பிறகே 1937ல் எட்டுமணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. அவர்கள் உயிரைக் கொடுத்துக் கேட்டார்கள். நாமோ எழுதிவைத்த உரிமையைக் கேட்கவும் கூச்சப்படுகின்றோம். கடனைத் திருப்பிக் கேட்பவன் பிச்சைக்காரன் அல்ல. பக்கத்து வீட்டில் அடிபட்டவன் சும்மா படுத்திருந்தால், அனுதாபம் சொல்லிவிட்டு வராமல், அந்த மனுவை எழுதிக்கொடுத்துவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.